வெயிலைப் பற்றி நான் எழுதியதற்கு ஒரு திருத்தம்

போன செவ்வாய்க்கிழமை நீ எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாய். பதினான்கு வருடத்துக்கு முந்தைய எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம். உன் அம்மா அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்ததை எப்போதோ போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாய். மேலே கொட்டை எழுத்தில் "வெயிலில் நில்லுங்கள், ரத்த அழுத்தம் இறங்கும்" என்று தலைப்பு, அதன் கீழே என் பெயர். படத்தோடு ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய்: "நீங்களே எழுதினதுதானேப்பா, அப்புறம் எதுக்கு இந்த டெஸ்ட்?" இரண்டு நாள் நான் பதில் போடவில்லை. அப்பா கோபமாக இருக்கிறார் என்று நினைத்து அம்மாவுக்குப் போன் செய்து கேட்டாயாம். கோபம் இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் நீளமாக எழுதுகிறேன். நீ முழுதாகப் படித்து, பெயர்களை எடுத்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாம் என்று சொன்னால் மட்டும் இதை அதே ஞாயிறு இணைப்புக்கு அனுப்புவேன். நீ வேண்டாம் என்றால் இது உனக்கும் எனக்கும் நடுவில் நிற்கட்டும்.

முதலில் உன் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததை வரிசையாக வைக்கிறேன். தவறு இருந்தால் திருத்து. பிப்ரவரியில் உன் ஆபீசில் ரத்ததான முகாம் நடந்தது. உன் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்த நர்ஸ், கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லி மறுபடியும் பார்த்தார். 168-க்கு 106. உன் ரத்தம் இன்று வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நீ அதை எங்களிடம் ஜோக்காகத்தான் சொன்னாய். தானம் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை என்றாய். பிறகு ஒரு மாத்திரை, அது போதாமல் இரண்டு, இப்போது மூன்று. மூன்றையும் போட்டும் 150-க்குக் கீழே இறங்கவில்லை. பொட்டாசியம் குறைவு. படிக்கட்டு ஏறினால் தொடை இழுத்துப் பிடிக்கிறது. முப்பத்தொரு வயதில் இப்படி இருக்கக்கூடாது என்று ஜெயநகர் டாக்டர் ஹார்மோன் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதே ரத்தத்தில் வைட்டமின் டி-யும் பார்த்தார்கள். அது இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே. இதய ஸ்கேனில் இடப்பக்கச் சுவர் லேசாகத் தடித்திருக்கிறது.

இத்தனை வரிகளில் நீ பிடித்துக்கொண்டது வைட்டமின் டி-யை மட்டும். எனக்குப் புரிகிறது. மத்தியானம் ஆபீசுக்குள் போனால் வெளிச்சம் போன பிறகு வெளியே வருகிறவன் நீ. ஹெப்பகோடியில் உன் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வெயில் படவில்லை, அதனால் வந்தது, வெயில் பட்டால் போய்விடும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அதில் யார் மேலும் பழி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, ஆவணியில் வைத்திருக்கும் கல்யாணத்துக்கும் குறுக்கே எதுவும் வரவில்லை. மூன்று மாதம் டி பாக்கெட்டைப் பாலில் கலந்து குடிக்கிறேன், அடுத்த டெஸ்ட்டை அதற்கப்புறம் பார்க்கலாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தாய். அதற்கு ஆதாரமாக நீ காட்டுவது நான் எழுதிய கட்டுரை.

அந்தக் கட்டுரை பிறந்த கதையை உனக்கு யாரும் சொன்னதில்லை. நகரத்தின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை மாலை ஒரு கூட்டம். சிறுநீரக மருத்துவர் ஒருவர், மங்களூர்ப் பக்கத்து அம்மையார், முக்கால் மணி நேரம் பேசினார். சுகாதாரச் செய்தி பார்க்கும் நிருபர் லீவில் இருந்ததால் என்னை அனுப்பினார்கள். நான் மாநகராட்சி, குடிநீர், போலீஸ் என்று சுற்றியவன். ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் குறிப்பெடுத்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். அதில் இருப்பது இது: டி குறைவாக உள்ளவர்களிடம் ரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்படுகிறது. சிறுநீரகம் ரெனின் என்று ஒன்றைச் சுரக்கிறது, அழுத்தத்தை ஏற்றும் வேலை அதிலிருந்துதான் தொடங்குகிறது. எலிகளில் டி-யின் வேலையைத் தடுத்தால் ரெனின் ஏறுகிறது. மனிதர்களுக்கு டி கொடுத்தால் அழுத்தம் இறங்குமா என்பது இன்னும் தெரியாது, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வரியின் கீழே நானே ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

கோடு போட்ட அந்த வரிதான் கட்டுரையில் இல்லை. இடம் குறைவு, இணைப்பின் பொறுப்பாசிரியர் அவசரப்படுத்தினார், தலைப்பு அவர் வைத்தது, இப்படியெல்லாம் சொல்லலாம். எல்லாம் உண்மை. ஆனால் அந்த வரியை வெட்டியது என் கை. அது இருந்தால் கட்டுரை மழுங்கிப்போகும் என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வந்தது. மூன்று நாள் கழித்து அந்த டாக்டர் அம்மா ஆபீசுக்குப் போன் செய்தார். தமிழ் படிக்கத் தெரியாதவர். அவரிடம் வந்த ஒரு நோயாளி கட்டுரையைக் கொண்டுபோய்க் காட்டி, அதன் பொருளையும் சொல்லியிருக்கிறார். கன்னடத்தில்தான் பேசினார், கத்தவில்லை. நான் அப்படிச் சொல்லவில்லையே சார் என்றார். இரண்டும் சேர்ந்து இருக்கிறது என்றுதான் நான் சொன்னேன், ஒன்றைச் சரி செய்தால் மற்றது சரியாகும் என்று சொல்லவில்லை என்றார். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறுத்திவிட்டால் என்ன செய்வது, ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள் என்றார். கண்டிப்பாகப் போடுகிறேன் மேடம் என்று சொன்னேன். முப்பத்தாறு வருட வேலையில் நான் போட்ட திருத்தங்கள் உனக்குத் தெரியும். வார்டு எண் மாறியதற்குப் போட்டிருக்கிறேன். அல்சூர் கோயில் தேர் எந்தத் தெருவில் திரும்பும் என்று மாற்றி எழுதியதற்கு, யாரும் கேட்காமலே, மறுநாள் திருத்தம் போட்டவன். இதற்கு மட்டும் போடவில்லை. அந்த வாரம் கட்டுரையைப் பாராட்டிக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. என் பெயரைத் தேடி யாரும் கடிதம் எழுதியது அதற்கு முன் கிடையாது. அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று தள்ளினேன். அதற்கடுத்த ஞாயிறு அது பழைய விஷயமாகிவிட்டது.

உன் அம்மா அப்போது ஓசூர் ரோடு கார்மென்ட்ஸில் ஒரு லைனுக்குச் சூப்பர்வைசர். காலை எட்டு மணிக்கு டியூப் லைட்டுக்குக் கீழே போனால் ஐந்தரைக்குத்தான் வானம் தெரியும். ஞாயிறு இணைப்பைத் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தன் லைன் பெண்களுக்குப் படித்துக் காட்டுவது அவள் வழக்கம். என் கட்டுரை வந்தால் இன்னும் சத்தமாகப் படிப்பாள். இதையும் படித்தாள். மறுநாளிலிருந்து அந்தப் பெண்கள் டீ நேரத்தில் பின்பக்கம் துணிக்கட்டு இறக்கும் இடத்தில் வரிசையாக வெயிலில் நின்றிருக்கிறார்கள். மேனேஜர் இன்னா இது, ஸ்டிரைக்கா என்று கேட்டாராம். அதை உன் அம்மா வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். பத்து நாள் கழித்து அவள் தன் பிரஷர் மாத்திரையை நிறுத்தினாள். அதை என்னிடம் சொல்லவில்லை. அந்த லைனில் வேறு யார் யார் நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. அது எனக்கு இன்றுவரை தெரியாது என்பதை நீ கவனிக்க வேண்டும்.

ஒன்றரை வருடம் தினமும் மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் நின்றாள். முகம் கறுத்தது, உற்சாகமாகத்தான் இருந்தாள். உயர் அழுத்தத்தில் வலி கிடையாது, அதுதான் அதன் குணம். பிறகு கால் வீங்கி, தொழிற்சாலை முகாமில் சிறுநீரைப் பார்த்தபோது புரதம் போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்றார்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று நான் சத்தம் போட்டேன். அவள் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது கல்லூரி முதல் வருடம், சமையலறை வாசலில் நின்றாய். "பேப்பர்ல போட்டிருந்தது, நம்பினேன். நீங்க வீட்ல வாயால சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேங்க." நாம் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. டாக்டர் அம்மாவின் போனைப் பற்றி நான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. அளந்து போடும் உப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை என்று அவள் அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். படித்துக் கெட்டவள் நான்தான் என்று அக்கம்பக்கத்தில் அவளே சொல்லிக்கொண்டாள். நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வியாழக்கிழமை அவளிடம் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை கத்தி நிற்கவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டாள். முப்பத்தாறு வருடம் கேள்வி கேட்டுப் பிழைத்த நான் அவ்வளவு சரியான கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

"அந்தம்மா போன் பண்ணது நான் மாத்திரையை நிறுத்தறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

முன்னாடி என்றேன். ஒரு வாரம் முன்னாடி. அவள் எழுந்து கை கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ஜூன் மாத மூட்டம், வெயிலே இல்லை, சும்மா நின்றுவிட்டு வந்தாள். வந்து, "எங்கிட்ட சொல்லிட்டோம்னு விட்டுடாதீங்க, அவனுக்கு எழுதுங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் வழக்கம்போலத்தான் பேசுகிறாள். ஆனால் காபியைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைக்கிறாள். வைக்கட்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அதே விஷயத்தை இந்த முறை சரியாகச் சொல்லப் பார்க்கிறேன். நேற்று ஜெயநகர் டாக்டரைப் பார்த்து, உன் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசவில்லை, உன் அனுமதி இல்லாமல் பேசமாட்டார், பொதுவாக இந்த ஹார்மோன்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கேட்டுக் குறிப்பெடுத்தேன். எழுதியதை அவரிடமே திரும்பப் படித்தும் காட்டினேன். உடம்பில் உப்போ ரத்தமோ குறைந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும். அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் ரத்தக் குழாய்களை இறுக்கும். சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் அது போய்ச் சேரும். அந்தச் சுரப்பி ஆல்டோஸ்டீரோனை விடும். ஆல்டோஸ்டீரோன் உப்பைப் பிடித்து வைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அழுத்தம் ஏறியதும் சிறுநீரகம் ரெனினை நிறுத்திவிடும், எல்லாம் அடங்கும். நல்ல உடம்பில் இதுதான் ஒழுங்கு. டி இந்த ஒழுங்கில் ரெனினை அடக்கிவைக்கும் பக்கத்தில் இருக்கிறது. அந்த அளவுக்கு நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் பிறகு மனிதர்களுக்கு டி கொடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவர்களுக்கு அதனால் அழுத்தம் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. எலும்புக்கு அது வேண்டும், குறைந்தால் நிரப்பத்தான் வேண்டும். பிரஷர் மாத்திரையின் இடத்தில் அதை வைக்க முடியாது.

இப்போது உன் ரிப்போர்ட்டை எடுத்து முன்னால் வை. நீ எனக்கு அனுப்பியதுதான். டி குறைந்ததால் உன் அழுத்தம் ஏறியது என்றால், நான் எழுதிய கணக்குப்படியே, உன் ரெனின் ஏறியிருக்க வேண்டும். உன் ரெனின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆல்டோஸ்டீரோன் மட்டும் இரண்டு மடங்கு. அதாவது உன் சிறுநீரகம் எப்போதோ போதும் என்று ரெனினை நிறுத்திவிட்டது. அட்ரீனல் அதைக் கேட்காமல் தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கிறது. நீ மாடியில் எத்தனை மணி நேரம் நின்றாலும் அது நிற்காது. நீ ஆதாரமாகக் காட்டும் கட்டுரையை உன் கையில் இருக்கும் காகிதமே மறுக்கிறது. நாற்பது வரி கட்டுரைக்கு எதிராக இரண்டு எண்கள். இரண்டு எண்களையும் நீ பார்த்திருக்கிறாய். உன் மூளை என்னுடையதை விடக் கூர்மை. நீ புரியாமல் இந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். நானும் புரியாமல் அந்தக் கோடு போட்ட வரியை வெட்டவில்லை.

நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று தெரியும். வயிற்று ஸ்கேனில் இடப்பக்கச் சுரப்பியில் சின்னதாக ஒன்று தெரிகிறது. அடுத்த பரிசோதனையில் தொடை வழியாகக் குழாய் விட்டு, இரண்டு சுரப்பியிலிருந்தும் வரும் ரத்தத்தைத் தனித்தனியாக எடுத்து, எது அதிகம் சுரக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் அதை எடுத்துவிடலாம், அழுத்தம் இறங்கவும் நல்ல வாய்ப்பு. இரண்டு பக்கமும் என்றால் அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. இப்படி வருகிறவர்களுக்கு இரண்டுமே நல்ல செய்தி என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார், ஏனென்றால் காரணம் கைக்கு அகப்பட்ட பிரஷர் இது. ஆனால் பொட்டாசியம் இப்படிக் குறைந்துகொண்டே போனால் இதயத் துடிப்பு தடுமாறும், சுவர் இன்னும் தடிக்கும். மூன்று மாதம் என்பது உனக்குக் கல்யாணத் தேதி. அந்தச் சுரப்பிக்கு அது வெறும் மூன்று மாதம் கூடுதல்.

உன் பயம் ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. பிரமிளா வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான். ஜாதகம் கேட்கவில்லை, வரதட்சிணை பேசவில்லை, புத்தர் படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற குடும்பம். அவர்களிடம் போய், உங்கள் மருமகனுக்கு முப்பத்தொரு வயதில் மூன்று மாத்திரை, வயிற்றில் ஒரு கட்டி என்று எப்படிச் சொல்வது என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். நான் இதில் உபதேசம் செய்யும் தகுதியை இழந்தவன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒரு ஞாயிறு தள்ளினால் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். முதல் வாரம் அதைச் சொல்லுவது கஷ்டம். பத்தாவது வாரம் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். பதினான்காவது வருடத்தில் சொல்ல வந்த விஷயத்தை விட சொல்லாததுதான் பெரிதாகிவிடும். காபி மேஜைக்கு வந்துவிடும்.

இன்னொன்று. இதை நான் மறைத்தால் மேலே எழுதியதெல்லாம் வீண். நேற்று சாயங்காலம் பிரமிளா நம் ஜோகுபாளையம் வீட்டுக்கு வந்தாள். மெட்ரோ ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டரில் ஷிப்ட் முடித்து, அந்தச் சீருடையிலேயே, அம்மாவிடம் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாள். போகும்போது நான் தெருமுனை வரை கூட நடந்தேன். திடீரென்று, "மாமா, அவருக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கா?" என்றாள். போன வாரம் அவள் ஸ்டேஷன் படிக்கட்டில் நீ பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். செருப்பு வாரைச் சரி செய்வதுபோலக் குனிந்தாயாம். அன்றைக்கு நீ போட்டிருந்தது ஷூ. அவள் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனையோ மந்திரிகளை, கமிஷனர்களை இப்படித் தெருமுனையில் மடக்கிக் கேட்டவன் நான். அவர்கள் எப்படி விழித்தார்களோ அப்படி விழித்தேன். அவனிடமே கேளம்மா என்றேன்.

"கேக்க எவ்ளோ நேரம் ஆகும் மாமா. அவரே சொல்றாரான்னு பாக்கறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன், அப்புறம் கேட்டுடுவேன்" என்றாள். பிறகு ஆட்டோவில் ஏறி ஸ்ரீராம்புரம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. உனக்கு ஒரு வாய்ப்பு விட்டு வைத்திருக்கிறாள். நான் இதை உன்னிடம் சொல்வது அவளுக்குப் பிடிக்காமல் போகலாம். அந்தப் பழியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

இன்று காலை உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன், திட்டுவதானால் திட்டு. ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். வருகிற செவ்வாய்க்கிழமைப் பரிசோதனையை நீ போனில் ரத்து செய்யச் சொல்லியிருக்கிறாய். கம்ப்யூட்டரில் இன்னும் ரத்தாகவில்லை. திங்கட்கிழமை காலை வரை அந்த இடத்தை விட்டு வைக்க முடியுமா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த கன்னடத்துப் பெண், ஆயித்து சார், வைக்கிறேன் என்று சொல்லி, உள்நோயாளி படிவத்தை எடுத்தாள். ஒரு நோயாளியுடன் ஒருவர்தான் தங்கலாம், பாஸ் ஒன்றுதான், அதில் யார் பெயர், உங்கள் பெயரா என்று பேனாவோடு என்னைப் பார்த்தாள். இப்போதைக்கு எதுவும் எழுத வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கழித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.